வீட்டு வாசலுக்கு வரும் இரண்டு தேன்சிட்டுகள்: பினாங்கில் பிரித்தறிய ஒரு முழு வழிகாட்டி

பக்கத்து வீட்டு அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். “தம்பி, நம்ம முருங்கையில ஹம்மிங்பேர்ட் வந்திருக்கு. ரெண்டு வகை. ஒண்ணு மஞ்சள், ஒண்ணு கறுப்பு.” வீடியோவில் இருந்தவை இரண்டும் ஒரே வகை: ஒரு ஜோடியின் ஆணும் பெண்ணும். அதே வீடியோவின் கடைசி மூன்று நொடியில், பின்னால் இருந்த தென்னையில் வேறு வகை ஒன்று நிஜமாகவே வந்து உட்கார்ந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

புதிதாகப் பார்க்க வருபவர்களில் பாதிப் பேர் இடறுவது இங்கேதான். ஒரே வகையை இரண்டாக எண்ணுவார்கள், இரண்டு வகையை ஒன்றாக எண்ணுவார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்று: நிறத்திலிருந்து தொடங்குவது. கீழே உள்ள வரிசையில் நிறம் கடைசிப் பக்கம்தான் வரும். அதற்கு முந்தைய படிகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

1. முதலில் ஹம்மிங்பேர்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்

ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழும் பறவை. பினாங்கில் ஒன்றுகூடக் கிடையாது. நம் வாசலுக்கு வருவது தேன்சிட்டு. மலாய்க்காரர்கள் கெலிச்சாப் என்பார்கள். இரண்டும் பூந்தேன் குடிப்பதால் உருவம் ஒத்துப்போனதே தவிர, சொந்தம் கிடையாது. ஹம்மிங்பேர்டின் உறவுக்காரர் யாரென்றால், ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளின் மாடியில் எச்சிலால் கூடு கட்டுகிறதே, அந்த உழவாரக் குருவி! தேன்சிட்டோ, சிட்டுக்குருவி, காகம் எல்லாம் இருக்கும் பெரிய வரிசையைச் சேர்ந்தது.

இதை முதலிலேயே தீர்த்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஹம்மிங்பேர்ட் அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும். தேன்சிட்டு பெரும்பாலும் காம்பிலோ கிளையிலோ உட்கார்ந்து, தலையை வளைத்துக் குடிக்கும். எப்போதாவது சில நொடி சிறகடித்து நிற்கும், அவ்வளவுதான். ஆகவே உங்களுக்குப் பார்க்க நேரம் கிடைக்கும். அது எங்கே உட்காரும் என்று முன்கூட்டியே ஊகிக்கவும் முடியும்.

முழு நேரமும் அந்தரத்தில் நின்றே தேன் குடிக்கும் ஒன்றைப் பார்த்தீர்களா? அது அநேகமாகப் பறவையே அல்ல. பகலில் பறக்கும் பெரிய அந்துப்பூச்சி ஒன்று இங்கே உண்டு, ஹாக்மாத் என்பார்கள். தலையில் இரண்டு உணர்கொம்புகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், பூச்சிதான்.

2. பார்க்கப் போவது இரண்டு வகை, ஆனால் நான்கு உருவம்

இந்த வழிகாட்டி முழுக்க இரண்டு பெயர்களை மட்டும் புழங்குகிறேன்.

நீலத்தொண்டை: பழைய புத்தகங்களில் ஆலிவ்-பேக்ட் சன்பேர்ட். அந்த வகையைச் சில ஆண்டுகளுக்கு முன் பிரித்துப் பெயர் மாற்றியதால், புதிய பட்டியல்களில் நம் பக்கத்துப் பறவை ஆர்னேட் சன்பேர்ட் என்று இருக்கும். புத்தகத்தில் ஒரு பெயர், ஆப்பில் ஒரு பெயர் என்று குழம்ப வேண்டாம், பறவை அதேதான். நீளம் சுமார் 11 செ.மீ.

பழுப்புத்தொண்டை: பிரௌன்-த்ரோட்டட் சன்பேர்ட். பழைய புத்தகங்களில் பிளெயின்-த்ரோட்டட். மலாயில் இதற்குக் கெலிச்சாப் மாயாங் கெலாப்பா என்று பெயர். மாயாங் கெலாப்பா என்றால் தென்னம்பாளை. நீளம் 13, 14 செ.மீ. இருக்கும். கொஞ்சம் தடித்த உடம்பு.

ஒரு எச்சரிக்கை: இந்தப் பெயர்கள் ஆணைப் பார்த்து வைத்தவை. நீலத்தொண்டைப் பெண்ணுக்கு நீலத் தொண்டையே கிடையாது, அடிப்புறம் முழுக்க மஞ்சள். இரண்டு வகையிலும் பெண் மஞ்சளும் பச்சையுமாகத்தான் இருக்கும். எனவே நீங்கள் ஒப்பிடப்போவது இரண்டு ஆண், இரண்டு பெண், ஆக நான்கு. இதை மறந்தால் அக்காவின் வீடியோ கதைதான்.

3. கையில் இருக்க வேண்டியவை

பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது) போதும். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்கு தெரியும். இலைக்கு இலை தாவும் சிறு பறவையைச் சட்டத்துக்குள் பிடிப்பதும் கஷ்டம். வாங்கும்போது எல்லோரும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று: எவ்வளவு கிட்டே இருப்பதைத் தெளிவாகக் காட்டும்? வாசல் செம்பருத்திக்கும் நமக்கும் மூன்று மீட்டர் இருந்தாலே அதிகம். ஐந்து மீட்டருக்கு உள்ளே மங்கிப் போகும் பைனாகுலர், மாடி வீட்டில் உட்கார்ந்து பார்க்க உதவாது. இரண்டு மீட்டர் வரை காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள்.

சின்ன நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று. பேனா வேண்டாம், நம் ஊர் மழைக்கு மை தாங்காது.

கைப்பேசி இருந்தால் வீடியோவாக எடுங்கள். படமாக எடுத்தால் வால் மட்டும் கிடைக்கும். வீடியோவில் பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். இருண்ட இலைகளுக்கு நடுவே மஞ்சள் பறவை இருந்தால் கேமரா எல்லாவற்றையும் வெளிற வைத்துவிடும். பறவை மேல் விரலால் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்புக் கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீர் தொங்கவிடும் ஐடியா இருந்தால் விட்டுவிடுங்கள். அது அமெரிக்கத் தோட்டத்துப் பழக்கம். நம் வெயிலில் சர்க்கரைத் தண்ணீர் சீக்கிரமே புளித்துவிடும், எறும்பு வேறு வரும். அந்தக் காசில் இரண்டு செடி வாங்கலாம்.

4. பறவையைத் துரத்தாமல் செடியருகே உட்காருங்கள்

பினாங்கில் விடிய ஏழு மணிக்கு மேல் ஆகிவிடும். ஏழரையிலிருந்து பத்து வரை நல்ல நேரம். அதற்குப் பிறகு வெயில் உச்சிக்கு ஏறி, எல்லாப் பறவையும் கறுப்பாகத் தெரியும்.

பூத்திருக்கும் ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். இது முக்கியம். தேன்சிட்டின் மினுமினுப்பு சாயத்தால் வருவதில்லை, இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் வருகிறது. வெளிச்சம் உங்கள் பின்னாலிருந்து பட்டால் நீலம், ஊதா, பச்சை எல்லாம் தெரியும். எதிரிலிருந்து வந்தால் அதே பறவை கரித்துண்டு.

எந்தச் செடி? செம்பருத்தி, இட்லிப்பூ, முருங்கை, வாழைப்பூ, ஹெலிக்கோனியா. நீலத்தொண்டை இவற்றில் எதற்கும் வரும், தொட்டிச் செடிக்கும் வரும். பழுப்புத்தொண்டையைப் பார்க்கத் தென்னை இருக்கும் இடம் நல்லது. பாலிக் புலாவ் பக்கம் போனால் தேடவே வேண்டாம். ஆனால் “தென்னையில் இருந்தது, ஆகவே பழுப்புத்தொண்டை” என்று எழுதிவிடாதீர்கள். இரண்டும் ஒரே பாளையில் சண்டை போடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

தண்ணீர்மலைக்குப் பக்கத்தில் இருக்கும் தாவரவியல் பூங்கா பழகிக்கொள்ள அருமையான இடம். கொடிமலைக் காட்டுக்குள் முதலிலேயே போக வேண்டாம். காட்டில் இன்னும் பல தேன்சிட்டு வகைகள் கலந்து வரும். வீட்டுப் பாடம் முடியும்முன் அங்கே போனால் தலை சுற்றும்.

செம்பருத்தியில் ஒரு சின்ன வேடிக்கை. அந்தப் பூவின் வாய்க்குள் தேன்சிட்டின் தலை போவதை அபூர்வமாகத்தான் பார்ப்பீர்கள். காம்புப் பக்கம் உட்கார்ந்து, பூவின் அடியில் பக்கவாட்டாகக் குத்தி உறிஞ்சிவிட்டுப் போகும். அது போன பிறகு பூவைத் திருப்பிப் பாருங்கள். இதழின் அடியில் பச்சைப் புல்லிவட்டத்துக்குச் சற்று மேலே, குண்டூசி குத்தினாற்போல ஒரு கீறல் இருக்கும். நேற்று யார் வந்து போனார்கள் என்று செடியே சொல்லும். எந்தச் செடிக்கு எதிரில் உட்காரலாம் என்று முடிவெடுக்க இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

5. முதல் பார்வை அலகுக்கு

பறவை வந்ததும் கண் தானாக மஞ்சள் வயிற்றுக்குப் போகும். இழுத்துப் பிடித்து அலகுக்குக் கொண்டுவாருங்கள். அலகின் வடிவம் வெளிச்சத்தைப் பொறுத்து மாறாது, ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்ததல்ல. நிழலுருவமாகத் தெரிந்தாலும் அலகு தெரியும்.

நீலத்தொண்டையின் அலகு மெல்லியது, நீளம், நன்றாகக் கீழ்நோக்கி வளைந்தது. கறுவேலம் முள்ளைக் கொஞ்சம் வளைத்தது போல.

பழுப்புத்தொண்டையின் அலகு அடியில் தடிப்பு, வளைவு குறைவு. தேனோடு பூச்சியையும் சிறு பழங்களையும் தின்னும் பறவை அது.

வளைவை எப்படி அளப்பது? அலகின் அடியிலிருந்து நுனிவரை மனதில் ஒரு நேர்கோடு போடுங்கள். நடுவில் இடைவெளி பளிச்சென்று தெரிந்தால் நீலத்தொண்டை. யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் பழுப்புத்தொண்டையாக இருக்கலாம், அடுத்த படிக்குப் போங்கள். பக்கவாட்டில் இருக்கும்போது மட்டும் பாருங்கள். உங்களை நேராகப் பார்க்கும் பறவையின் அலகு எதுவானாலும் குட்டையாகவும் நேராகவும்தான் தெரியும்.

6. இரண்டாவது பார்வை வாலுக்கு

நீலத்தொண்டையின் வால் கறுப்பு, ஓர இறகுகளின் நுனி வெள்ளை. ஆணுக்கும் பெண்ணுக்கும் இப்படித்தான். கீழிருந்து பார்க்கும்போதோ, தாவும்போது வாலை விரிக்கும்போதோ அந்த வெள்ளை பளிச்சென்று தெரியும். பழுப்புத்தொண்டையில் அப்படிப் பளிச்சிடும் வெள்ளை இருக்காது.

இங்கே ஒரு பொறி உண்டு. வாலை மூடி வைத்திருக்கும் பறவையை மேலிருந்து, உதாரணமாக மூன்றாம் மாடி வராந்தாவிலிருந்து, பார்த்தால் வெள்ளை ஒளிந்துகொள்ளும். வெள்ளையைக் கண்டால் அது சாட்சி. காணாவிட்டால் அது ஒன்றுக்கும் சாட்சி அல்ல. நோட்டில் “வெள்ளை இல்லை” என்று எழுதாமல் “வெள்ளை தெரியவில்லை, வால் மூடியிருந்தது” என்று எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வீட்டுக்குப் போய்ப் படிக்கும்போது புரியும்.

7. மூன்றாவது முகம், கண்

வளர்ந்த ஆண் பழுப்புத்தொண்டைக்குக் கண் சிவப்பு. நல்ல வெளிச்சத்தில் குன்றிமணி மாதிரி இருக்கும். நீலத்தொண்டைக்கு ஆணோ பெண்ணோ, கண் கருமைதான்.

பெண்களைப் பிரிக்க இந்தப் படிதான் பெரிய உதவி. பழுப்புத்தொண்டைப் பெண்ணின் கண்ணைச் சுற்றி வெளிறிய மஞ்சள் வளையம் இருக்கும், முழு வட்டமாக இல்லாமல் நடுவில் விட்டுப்போய். நீலத்தொண்டைப் பெண்ணுக்கு வளையத்துக்குப் பதிலாகக் கண்ணுக்கு மேலே மஞ்சள் புருவக் கோடு. வளையமா, புருவமா? இந்த ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு முகத்தைப் பாருங்கள்.

வளையம் வெள்ளையாக, தடித்து, முழு வட்டமாக, அலகும் குட்டையாக இருந்தால் அது தேன்சிட்டே அல்ல, வெள்ளைக்கண்ணி. கூட்டமாக வரும், செர்ரி மரத்தில் அடிக்கடி பார்க்கலாம்.

8. இப்போது நிறம்

ஆண்களில் இது சுலபம். நீலத்தொண்டை ஆணுக்குத் தொண்டையிலிருந்து மார்புவரை கருநீலம், உலோகம் போல மின்னும்; அதற்குக் கீழே வயிறு பளிச்சென்ற மஞ்சள்; முதுகு பச்சையும் பழுப்பும் கலந்த மங்கல் நிறம்.

பழுப்புத்தொண்டை ஆண் இதற்கு நேர்த் தலைகீழ். மினுமினுப்பு எல்லாம் முதுகுப் பக்கம்: தலை, முதுகில் பச்சையும் ஊதாவும், சிறகின் மேற்புறத்தில் செம்பழுப்பு. தொண்டை மங்கிய பழுப்பு. அலகின் அடியிலிருந்து கழுத்தோரமாக இறங்கும் மெல்லிய ஊதாக் கோடு ஒன்று உண்டு, மீசை மாதிரி.

நினைவில் வைக்க எளிய வழி: ஆண்களில் எது தொண்டையில் மின்னுகிறதோ அது நீலத்தொண்டை, எது முதுகில் மின்னுகிறதோ அது பழுப்புத்தொண்டை. பழுப்புத்தொண்டையின் தொண்டை எந்த வெயிலிலும் மின்னாது. நிழலில் இரண்டுமே ‘மேலே இருட்டு, கீழே மஞ்சள்’ என்றுதான் தெரியும். அதனால்தான் நிறத்தை நான்காவதாக வைத்தேன்.

பிறகு, குழப்பமான ஒரு ஆண் உண்டு. நீலத்தொண்டை ஆண் ஆண்டில் ஒரு பருவத்தில் இறகு மாற்றும்போது, நீலமெல்லாம் போய்த் தொண்டை நடுவில் ஒரே ஒரு கறுத்த கோடு மட்டும் நிற்கும், நாமம் போட்டது போல. மற்ற இடமெல்லாம் பெண்ணைப் போல மஞ்சள். இதை மூன்றாவது வகை என்று நினைத்து என்னிடம் ஓடி வந்தவர்கள் பலர். நானும் முதல் வருடம் அப்படித்தான் ஒரு வாரம் அலைந்தேன். அலகையும் வாலையும் முதலில் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

பெண்களில் நிறத்தை நம்பாதீர்கள். நீலத்தொண்டைப் பெண்ணின் மஞ்சள் கொஞ்சம் தூய்மை, பழுப்புத்தொண்டைப் பெண்ணின் மஞ்சளில் பச்சை கலப்பு என்று சொல்லலாம். இலைப் பச்சை எல்லாவற்றின் மேலும் படியும் தோட்டத்தில் இந்த வித்தியாசம் நிற்காது. அலகு, வால், முகம் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு சேர்ந்து ஒத்துவந்தால் பெயர் எழுதுங்கள். இல்லாவிட்டால் “தேன்சிட்டு, பெண்” என்றே விட்டுவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

9. குரல்

குரலை முதல் மாதம் ஆதாரமாக எடுக்க வேண்டாம், கேட்டு வையுங்கள் போதும். பழுப்புத்தொண்டையின் கூர்மையான அழைப்பு காதில் ‘கெலிச்சாப்’ என்றே விழும்; மலாய்ப் பெயரைச் சொல்லிப் பார்த்தால் தெரியும். நீலத்தொண்டை ‘ச்வீ, ச்வீ’ என்று மேலே ஏறும் கீச்சுக் குரலில் கூப்பிடும். இரண்டும் படபடவென்று பாட ஆரம்பித்தால் பழகிய காதுக்கே தடுமாற்றம்.

10. எழுதும் வரிசை

பார்த்த வரிசையிலேயே எழுதுங்கள்: செடி, அலகு, வால், முகம், நிறம், குரல். பெயர் கடைசி. பெயரை முதலில் எழுதிவிட்டால் மற்றதெல்லாம் அந்தப் பெயருக்கு ஏற்றபடி தானாக வளையும், மனசு அப்படி.

என் நோட்டில் ஒரு காலைக் குறிப்பு இப்படி இருக்கிறது: “7.50. முருங்கை, கீழ்க்கிளை. அலகு நன்கு வளைவு. தாவியபோது வாலில் வெள்ளை. மஞ்சள் புருவம். தொண்டை மஞ்சள், கோடு இல்லை. சத்தம் இல்லை. நீலத்தொண்டை பெண்.” அடுத்த வரி: “7.58. தென்னை. அலகு தடிப்பு, பக்கவாட்டில் தெரியவில்லை. வால் மூடியது. கண் தெரியவில்லை. மேலே இருட்டு. பெயர் இல்லை.” இரண்டாவது குறிப்பும் நல்ல குறிப்புதான்.

பறவையை அடையாளம் காட்டும் ஆப் வைத்திருப்பவர்கள் இதற்கு அப்புறம் திறக்கலாம். இடம் பினாங்கு என்று கொடுக்க மறக்காதீர்கள்; இல்லாவிட்டால் அமெரிக்காவின் ஹம்மிங்பேர்ட் ஒன்றை உங்கள் முன் நீட்டினாலும் நீட்டும்.

இரண்டு வகையிலும் சேராத ஒன்று வந்தால்: உடல் பளீர்ச் சிவப்பாக இருந்தால் செந்தேன்சிட்டு ஆண், அதன் பெண் மங்கல் பச்சை. அலகு தலையைவிட வெகு நீளமாக, வாழைப்பூவில் தொங்கினால் சிலந்திபிடிப்பான். முதுகில் சிவப்புப் பட்டை, அலகு குட்டை என்றால் பூக்கொத்தி.

11. கார்க் கண்ணாடியும் கூடும்

நீலத்தொண்டை ஆண் கார்ப் பக்கக் கண்ணாடியில் தன்னையே எதிரி என்று நினைத்து மணிக்கணக்கில் கொத்தும். பார்ப்பதற்கு இது நல்ல வாய்ப்பு, இரண்டு மீட்டரில் தொண்டை நீலம் முழுக்கத் தெரியும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்குப் பிளாஸ்டிக் பையைப் போட்டு மூடிவிடுங்கள். பாவம், சோர்ந்துபோகும்.

கூடு இரண்டுக்கும் தொங்கும் பைதான், பக்கவாட்டில் வாசல். நீலத்தொண்டை மனிதர் நடமாட்டத்துக்கு அஞ்சுவதில்லை: துணிக்கொடி, தொங்கும் தொட்டி, அடுக்குமாடி வராந்தாவின் வயர் என்று எங்கும் கட்டும். வாசலுக்கு மேலே சின்னத் தாழ்வாரம் வைக்கும், அடியில் தாடி போல நார் தொங்கும். கட்டுவது பெண்தான். பெரும்பாலும் இரண்டு முட்டை, அடைகாக்கப் பதினோரு பன்னிரண்டு நாள், குஞ்சு பறக்க மேலும் இரண்டு வாரம் போல.

படம் எடுப்பதற்காக ஒரு முறை கூடு இருந்த தொட்டியை ஒரு முழம் வெளிச்சப் பக்கம் நகர்த்தினேன். பெண் மூன்று தடவை பழைய இடத்துக்கே வந்து, காற்றில் சிறகடித்து நின்றுவிட்டுப் போனது. தொட்டியைத் திருப்பி வைத்தும் பயனில்லை, மறுநாளிலிருந்து வரவில்லை. ஆகவே தொட்டியையோ கொடியையோ கிளையையோ தொடாதீர்கள். நாலைந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்து, தாய் வந்து போகும் நேரத்தை மட்டும் குறியுங்கள். கூட்டில் நின்றபடி வாலை ஆட்டும்போது அந்த வெள்ளை நுனி, கீழே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு வேறெங்கும் கிடைக்காத தெளிவில் தெரியும்.